வீட்டுச் சபைகள்: காலனித் தெருவில் ஒரு கூடுகை தன்னைத் தானே ஆளும் முறை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் காலனியில் கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டு, பெண்கள் எவரும் வரவில்லையே என்று வியக்கும் அமைப்பாளர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அப்பெண்கள் அந்நேரத்தில் மூன்று வீடு தள்ளி, தகரக் கூரையின் கீழ், ஜமுக்காளத்தில் அமர்ந்திருப்பார்கள். கீபோர்டும் டிரம்மும் ஒலிப்பெட்டி ஒன்றும் அங்கே இருக்கும். அந்த வீட்டுக்கு வெளியே கோபுரமோ சிலுவையோ மணிக்கூண்டோ இருக்காது. சில இடங்களில் ஒரு சிறு பெயர்ப்பலகை மட்டும் தொங்கும். தலித் மக்களின் பொதுவாழ்வைப் பற்றிப் பேசும் நம் எழுத்துகள் இவ்வீடுகளை இருவகையாகக் கடந்துபோகின்றன: மூடநம்பிக்கை என்று ஒரு சாரார், அந்நியப் பணம் என்று மறு சாரார். உள்ளே அமர்ந்திருப்போர் தம்மை எவ்வாறு ஒழுங்கமைத்துக்கொள்கிறார்கள் என்ற எளிய கேள்வியை இருசாராரும் கேட்பதில்லை. அக்கேள்விக்கு இயன்ற அளவு விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீட்டில் நடைபெறும் கிறிஸ்தவ வழிபாடு யாவும் வீட்டுச் சபை ஆகாது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற அமைப்பு உண்டு. அண்டை வீட்டார் சில குடும்பங்களாகச் சேர்ந்து முறைவைத்து வீடுகளில் கூடுவார்கள். ஆயின் திருமுழுக்கும் திருப்பலியும் பங்குக் கோயிலிலேயே நடைபெறும், தலைமை பங்குத்தந்தையுடையது. தென்னிந்தியத் திருச்சபையின் குடும்ப ஜெபக்கூட்டங்களும் இத்தகையவே. வீட்டுச் சபை என்று நாம் குறிப்பது வேறு. ஞானஸ்நானம் கொடுப்பது, அப்பம் பிட்பது, போதகரை ஏற்பது, உறுப்பினரைக் கண்டிப்பது, இறந்தோரை அடக்கம் செய்வது ஆகிய அனைத்தையும் அக்கூடுகை தானே தீர்மானிக்கிறது. அதற்கு மேலே பேராயரும் இல்லை, மறைமாவட்டமும் இல்லை. இந்தத் தன்னாட்சியே அதன் வலிமை. அதன் நோய்களுக்கும் அதுவே ஊற்று.

இவ்வடிவம் புதிதன்று. கிறிஸ்தவம் தோன்றிய முதல் இரு நூற்றாண்டுகளில் தனிக் கோயிற் கட்டடம் என்பதே அரிது. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியின் வீட்டிலும் பிலேமோனின் வீட்டிலும் சபை கூடியதைப் பவுலின் நிருபங்கள் குறிக்கின்றன. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் வரும் நிம்பா என்பவரைச் சில கையெழுத்துப் படிகள் ஆணாகவும் சில பெண்ணாகவும் காட்டுகின்றன. தம் வீட்டில் சபை கூட்டிய ஒரு பெண்ணைப் பிற்காலத்து எழுத்தர்கள் ஆணாக்கியிருக்கக்கூடும் என்பது அறிஞர் பலரின் கருத்து. சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் உள்ள தூரா யூரோப்போஸ் நகரில் 1930களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வீடு கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. அங்கே இரு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்துக் கூடமாக்கியிருக்கிறார்கள். மற்றோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. இன்று காலனி வீடுகளில் நடைபெறுவதும் இதுவே: பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பின் நடுச்சுவர் எடுக்கப்படுகிறது, முன்புறம் தகரக் கொட்டகை இறக்கப்படுகிறது, வீடு சபையாகிறது.

நம் நோக்கில் முதன்மையானது கொரிந்துச் சபையின் வழக்கு. பொது உணவுக்காகக் கூடிய இடத்தில் வசதி படைத்தோர் முன்னரே வந்து தாம் கொணர்ந்ததை உண்டுவிட, இல்லாதோர் பசியோடு நின்றார்கள். பவுல் இதனை வெறும் ஒழுங்கீனமாகக் கருதவில்லை. அவ்வாறு உண்பது ஆண்டவருடைய விருந்தே அன்று என்று கடிந்தார். யார் யாரோடு அமர்ந்து உண்பது என்பது வீட்டுச் சபையின் முதல் சிக்கலாக அன்றே இருந்தது. தமிழகத்தில் அது வேறு எந்தச் சிக்கலையும்விடக் கூர்மையானது.

கோயிலுக்குள் இருந்த சுவர்

தலித் கிறிஸ்தவர்கள் பழைய திருச்சபைகளை விட்டு வீடுகளுக்குள் வந்த கதையைப் பேய் ஓட்டுதல், நோய் தீர்த்தல் ஆகியவற்றால் மட்டும் விளக்குவோர் பாதியையே சொல்கிறார்கள். தனி வரிசை, தனிக் கிண்ணம், தனிக் கல்லறை என்று மீதிப்பாதி இருக்கிறது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரைப் பிரிக்கும் சுவர் பல்லாண்டுகளாகப் போராட்டப் பொருளாக இருந்துவருகிறது. விழுப்புரம் பகுதியின் எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கோரியபோது எழுந்த மோதலும், காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்ததும் நாம் அறிந்தவை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை 2016-இல்தான் வெளியிட்டது.

வெளியேறிச் சொந்தச் சபை காணும் மரபும் பழையதே. கேரளத்தில் பொய்கையில் யோகன்னான் (1879–1939) மார்த்தோமா சபையிலும் பின்னர் பிரதரன் கூட்டங்களிலும் சாதியைக் கண்டு விலகி, பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவினார். இறுதியில் அது கிறிஸ்தவ எல்லையையும் தாண்டிச் சென்றது. தென் தமிழகத்தில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) மிஷன் ஊதியம் பெறாமல், வத்திராயிருப்பை அடுத்த கிறிஸ்தியான்பேட்டையை மையமாகக் கொண்டு உழைத்தார். 1860இல் அங்கே தோன்றிய எழுப்புதலில் ஐரோப்பிய மேற்பார்வை இன்றியே மக்கள் பிரசங்கித்தார்கள், சாட்சி கூறினார்கள். அவருக்கு வழிகாட்டிய அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ், சபை தன்னைத் தானே தாங்கவேண்டும் என்ற கொள்கையுடையவர். மிஷனரிகள் பலர் அதனை அன்று ஏற்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பக்த்சிங் (1903–2000) தொடங்கிய இயக்கத்தை இங்கே குறிக்கவேண்டும். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவர், 1941இல் சென்னையில் யெகோவா ஷம்மா என்ற சபையைத் தொடங்கினார். பின்னர் ஐதராபாத்து எபிரோன் மையமாயிற்று. அங்கே ஞாயிறு ஆராதனைக்குப் பின் அன்பின் விருந்து நடைபெறும். எல்லாரும் தரையில் வரிசையாக அமர்ந்து ஒரே சமையலை உண்பார்கள். யார் சமைத்தது, யார் பரிமாறியது என்று கேட்க இடமில்லை. இது இயக்கத்தின் பக்கவழக்கம் போலத் தோன்றும். ஆயின் சாதி வழக்கப்படி தண்ணீர் வாங்காத வீட்டார் ஒரே அண்டாவிலிருந்து உண்பது, பத்துப் பிரசங்கங்கள் செய்யாத வேலையைச் செய்தது என்பதே எம் கணிப்பு. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தலித் இறையியலாளரும் இசைஞருமான தியோபிலஸ் அப்பாவு (பரட்டை) பொதுச் சமையலை, ஒரே உலையை, தம் சிந்தனையின் மையமாக வைத்தது தற்செயல் அன்று.

கூடுகையின் வாரம்

சபைக்குச் சபை வேறுபாடு மிகுதி. ஆயினும் வாரத்தின் நடை பெரும்பாலும் ஒன்றே. ஞாயிறு காலை ஆராதனை. வாரநாள் ஒன்றில் மாலை நேர வேதபாடம். வெள்ளியன்று உபவாச ஜெபம், அதற்குப் பெண்களே மிகுதியாக வருவார்கள். மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபம். இவற்றுக்கிடையே வீடு வீடாக நடைபெறும் ஜெபக்கூட்டம் உண்டு. பிள்ளைக்குத் தேர்வு, கணவருக்குக் குடி, வட்டிக்காரர் தொல்லை, மருத்துவமனைக்குப் போகும் நாள் என்று ஏதேனும் ஒரு காரணத்தின் பொருட்டு ஒரு வீட்டார் மற்றவரை அழைப்பார்கள். தெருவின் துன்பம் அனைத்தும் அவ்வாரக் கூட்டங்களில் பெயர் சொல்லி வாசிக்கப்படுகிறது. எந்த அரசு அலுவலரும் எந்தக் கட்சிக் கிளையும் இத்தகைய பட்டியலை வைத்திருப்பதில்லை.

ஆராதனையில் பாடலும் துதியும் முதற்பகுதி. அடுத்து வருவது சாட்சி. யார் வேண்டுமானாலும் எழுந்து, அவ்வாரம் தமக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். ஊர்த்தெருவில் வாய்திறக்க இயலாத, ஊராட்சிக் கூட்டத்தில் நாற்காலி தரப்படாத ஒரு தூய்மைப் பணியாளர் அங்கே ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசுகிறார். நாற்பது பேர் செவிமடுக்கிறார்கள். பொதுவெளியில் பேசும் பயிற்சியை இம்மக்களுக்கு வழங்கிய நிறுவனங்களைக் கணக்கிட்டால், இயக்க மேடைகளோடு சாட்சி நேரத்தையும் சேர்த்தே கணக்கிடவேண்டும். பின்னர் பிரசங்கம், காணிக்கை, நோயாளிகளுக்கான ஜெபம். மாதத்தின் முதல் ஞாயிற்றிலோ வாரந்தோறுமோ இராப்போஜனம். ஞானஸ்நானம் பெரும்பாலும் வயது வந்தோருக்கே. ஆறு, கிணறு, தொட்டி எதுவாயினும் முழுகி எழவேண்டும்.

தலைமையில் இரண்டு வகை உண்டு. பிரதரன் மரபும் பக்த்சிங் மரபும் மூப்பர் குழுவைக் கொண்டவை: சபையில் மூத்த ஆண்கள் சிலர் கூட்டாக முடிவெடுப்பார்கள், ஊதியம் பெறும் போதகர் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை, பிரசங்கிப்போர் மாறி மாறி வருவார்கள். பெந்தெகொஸ்தே மரபிலோ போதகரே நடுநாயகம். பெரும்பாலும் அவரே அவ்வீட்டுக்கு உரியவர், அல்லது வாடகைதாரர். கட்டட வேலை, ஓட்டுநர் பணி, சிறுகடை என்று வாரநாளில் உழைத்து ஞாயிற்றில் ஊழியம் செய்வோர் பலர். அவர் மனைவியைப் பாஸ்டரம்மா என்பார்கள். பெண்களின் வழக்குகள் யாவும் அவரிடமே வரும். இவ்விரு வகைக்கும் வெளியே நிற்பது 1924இல் இலங்கையில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷன். அதன் முழுநேர ஊழியர்கள் மணம் செய்யாமல், தனிச் சொத்து இன்றி, விசுவாச வீடு எனப்படும் இல்லத்தில் கூட்டாக வாழ்கிறார்கள். வீட்டையே சபையாக்கும் எண்ணத்தின் துறவு வடிவம் என்று அதனைச் சொல்லலாம்.

பணம் காணிக்கையாகவும் தசமபாகமாகவும் வருகிறது. நாட்கூலி பெறுவோர் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பது எளிதன்று, கொடுக்கிறார்கள். அதிலிருந்து வாடகை, மின்கட்டணம், போதகர் குடும்பச் செலவு போக, மருத்துவச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உதவுகிற சபைகளும் உள்ளன. ஒரு நோட்டுப் புத்தகத்தில்கூட எழுதிவைக்காத சபைகளும் உள்ளன. அந்நியப் பணம் பற்றிய கூச்சலில் மறைந்துபோவது இந்த உண்மைதான்: பெரும்பாலான வீட்டுச் சபைகள் நடப்பது காலனிப் பெண்களின் முந்தானை முடிச்சிலிருந்து வரும் பணத்தால். கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கே உரியது. பொருளாளர் ஒருவரை விசுவாசிகளே தேர்ந்து, மாதக் கணக்கைச் சபையில் வாசிக்கச் செய்யும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது பரவவேண்டும், அதற்கு இறையியல் தடை ஏதுமில்லை.

வழிபாட்டிடத்தைத் துடைப்பது, விருந்து சமைப்பது, நோயாளியைக் காண்பது, புதியவரை அழைத்து வருவது அனைத்தும் பெண்களே. பிரசங்க மேடையும் மூப்பர் பதவியும் பெரும்பாலும் ஆண்களுக்கே. சாதியை எதிர்த்து வெளியே வந்த சபை இதில் பழைய கோயிலையே பின்பற்றுகிறது. திருமணத்திலும் அவ்வாறே. ஒரே இலையில் உண்போர் பெண் கொடுக்கும்போது உட்சாதி பார்க்கிறார்கள். பறையர் காலனியில் ஒரு சபையும் அருந்ததியர் காலனியில் வேறொரு சபையுமாக, அரைக் கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே பாடல்களைப் பாடிக்கொண்டிருக்கும் நிலை உண்டு. சாதி இங்கே விலக்கால் அன்றி இடவமைப்பால் தொடர்கிறது. தெருவே சாதியாகப் பிரிந்திருக்கையில் தெருவிலுள்ள வீடு மட்டும் பிரியாமல் எவ்வாறு இருக்கும் என்று கேட்கலாம். சபை அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்கிறதா என்பதுதான் எம் கவலை.

சட்டத்தின் முன் ஒரு வீடு

அரசமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றுரிமையையும், சமயத்தைக் கடைப்பிடித்துப் பரப்பும் உரிமையையும் வழங்குகிறது. 26ஆம் பிரிவு சமயப் பிரிவினர் தம் காரியங்களைத் தாமே நடத்த உரிமையளிக்கிறது. ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையை உள்ளடக்காது என்று கூறியது. தமிழகத்தில் 2002இல் கொணரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. எனவே இங்கே வீட்டுச் சபைக்கு எதிரான புகார்கள் பெரும்பாலும் மதமாற்றச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. கட்டடம், ஒலி, பொது அமைதி என்ற பெயர்களில் வருகின்றன.

கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகள் பொது வழிபாட்டுக்கான கட்டடத்திற்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி கோரின. தன் வீட்டில் தன் உறவினரோடு ஜெபிப்பது எப்போது பொது வழிபாடாகிறது என்பதே வழக்குகளின் மையம். காலனி வீடுகளுக்குக் கூடுதல் சிக்கல் உண்டு: அரசு வழங்கிய மனைப்பட்டாவில் நிபந்தனைகள் இருக்கும், குடியிருப்புக்கென்று தந்த இடம் வேறு பயனுக்கு மாறினால் அதையே காரணமாக்கிக் குடும்பத்தை மிரட்ட இயலும். ஒலியைப் பொறுத்தவரை நிலை தெளிவு. சென்னையின் பெந்தெகொஸ்தே சபையொன்று கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக் குடியிருப்போருடன் நடத்திய வழக்கில் 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ஒலிபெருக்கி வழியாகவே ஜெபிக்கவேண்டும் என்று எந்தச் சமயமும் கூறவில்லை என்றது. அண்டை வீட்டாரின் காதைக் காப்பது சபையின் கடமையும்கூட. ஒலிப்பெட்டியின் அளவைக் குறைத்த பல சபைகளில் புகாரே எழவில்லை.

திருமணம் குறித்து இளைஞர்கள் கட்டாயம் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, உரிமம் பெற்ற ஊழியர் உள்ளிட்ட சில வகையினர் மட்டுமே திருமணத்தை நடத்திவைக்க இயலும். அதிகாரமின்றி நடத்துவோருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 68ஆம் பிரிவு இடமளிக்கிறது. வீட்டுச் சபைப் போதகர் பலரிடம் இவ்வுரிமம் இல்லை. ஊரறிய நடந்த திருமணம் வாரிசுச் சான்றின்போதும் வாழ்க்கைப்பொருள் வழக்கின்போதும் கேள்விக்குள்ளாகிறது, இழப்பு பெண்ணுக்கே. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009, எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதியச் சொல்கிறது. உரிமம் பெற்ற ஊழியரையோ திருமணப் பதிவாளரையோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதில் அவமானம் ஏதுமில்லை.

சொத்துக்கும் இதே கவனம் தேவை. இடம் போதகரின் பெயரில் இருந்தால் அவர் மறைவுக்குப் பின் அது அவர் வாரிசுகளுக்குச் செல்லும். இருபதாண்டு காணிக்கை கொடுத்தோர் வெளியே நிற்பார்கள். அறக்கட்டளை ஆவணம் எழுதிப் பதியலாம். ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதியலாம். சங்கமாயின் பொதுக்குழு, தீர்மானப் புத்தகம், ஆண்டுக் கணக்கு யாவும் கட்டாயம். அதனாலேயே சில போதகர்கள் அதனை விரும்புவதில்லை.

பதிவேடு என்னும் இக்கட்டு

இங்கேதான் தலித் வீட்டுச் சபை பிற வீட்டுச் சபைகளிலிருந்து முற்றிலும் வேறுபடுகிறது. எந்த அமைப்புக்கும் உறுப்பினர் பதிவேடு அடிப்படை. தலித் குடும்பத்துக்கோ ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறுவது பட்டியல் சாதித் தகுதியை இழக்கச் செய்யும் சான்று. அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, 1950-இன் மூன்றாம் பத்தி முதலில் இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர், அரசு பிற பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். மதம் மாறிய பின்னும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்த மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. அது கிடப்பில் இருக்கிறது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழக அரசு, மதம் மாறிய ஆதிதிராவிடரைப் பிற்படுத்தப்பட்டோராகக் கருதுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பு அதனால் கிட்டாது.

இதன் விளைவு கூடுகையின் உள்ளமைப்பில் நேரடியாகத் தெரிகிறது. பல சபைகள் பதிவேடே வைப்பதில்லை. பல்லாண்டு வருவோர் ஞானஸ்நானத்தை ஒத்திவைக்கிறார்கள். பெயர் மாற்றுவதில்லை. ஒரு வீட்டில் பெற்றோர் முழுகியிருப்பர், கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் முழுகியிரார். 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையான நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. ஞானஸ்நானமும் தொடர்ந்து தேவாலயம் சென்றதும் அங்கே சான்றாயின. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், பல்லாண்டு ஞாயிறு ஜெபம் நடத்திவந்த போதகர் ஒருவர் சாதியின் பெயரால் தாக்கப்பட்டதாகக் கொடுத்த வன்கொடுமைப் புகாரை, அவர் கிறிஸ்தவர் என்ற காரணத்தால் ஏற்கவில்லை. சாதியின் பெயரால் அடிப்போர், அடிபடுபவரின் ஞானஸ்நானச் சான்றைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

பதிவேடு இல்லையேல் என்ன ஆகும்? சபைத் தேர்தல் இல்லை. யாருக்கு வாக்கு என்று எவ்வாறு அறிவது? திருமணச் சான்றில்லை. கணக்குக் கேட்க உறுப்பினர் என்ற தகுதியில்லை. போதகரின் நினைவே பதிவேடாகிறது. அதிகாரம் அவரிடமே குவிகிறது. வீட்டுச் சபைகளில் சனநாயகமில்லை என்று குறைகூறும் அறிவாளர்கள், அந்தச் சனநாயகத்துக்கு வேண்டிய தாளை எழுதவிடாமல் தடுப்பது 1950ஆம் ஆண்டின் ஆணையும்தான் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இறப்பும் அவ்வாறே. பழைய திருச்சபைகளுக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு. வீட்டுச் சபைக்கு இல்லை. காலனியின் பொது இடுகாட்டில் உறவினர் தடுக்காவிடின் அங்கே அடக்கம்; தடுத்தால் ஆட்சியர் அலுவலகம். சத்தீஸ்கரின் பஸ்தர்ப் பகுதியில் மஹ்ரா என்னும் பட்டியல் சாதியில் பிறந்த போதகர் ஒருவரின் உடல் 2025 ஜனவரியில் ஏறத்தாழ மூன்று வாரம் பிணவறையில் கிடந்தது. சொந்த ஊரில் புதைக்க மகன் அனுமதி கோரினார். உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். முடிவில், இருபது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கிறிஸ்தவ இடுகாட்டில் அடக்கம் செய்யுமாறு ஆணையாயிற்று. அவருடைய முன்னோர் பலர் அதே சொந்த ஊரில் புதைக்கப்பட்டவர்கள்.